அசல் பாகத்தைத் தேடி

நுழையும்முன்

கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி ஆகியவற்றையே வரலாற்றுச் சான்றுகள் எனக் கருதுவது நம் வழக்கம். ஒரு காலத்தின் தொழில்திறனையும் வாழ்க்கைமுறையையும் அக்காலத்தில் செய்யப்பட்ட எந்திரங்களும் எடுத்துரைக்கின்றன. தமிழ் மண்ணில் உருவாகி, இன்று அரிதாகிவிட்ட மகிழுந்து ஒன்றை மீட்டெடுக்க முனைவோர் அதற்குரிய பழைய அசல் பாகங்களை எங்கே தேடுகின்றனர், எவ்வாறு இனங்காண்கின்றனர், எவற்றை ஏற்று எவற்றை விலக்குகின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வண்டலூரில் உருவான மகிழுந்து

இந்தியா விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், சென்னையை அடுத்த வண்டலூரில் ஒரு மகிழுந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. பிரித்தானிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொடர்புடன் அமைந்த அதன் பெயர் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. வேன்கார்டு, ஸ்டாண்டர்டு டென் முதலிய வாகனங்களைத் தொடர்ந்து, 1961ஆம் ஆண்டில் அங்கிருந்து வெளிவந்ததே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டனில் 1959இல் அறிமுகமான டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிச்செலோட்டி அதன் தோற்றத்தை வரைந்தார். 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய நான்கு உருளை எஞ்சின், இருபுறச் சக்கரக் கவசங்களோடு சேர்ந்து முன்னோக்கித் திறக்கும் முன்மூடி, 25 அடி விட்டமுடைய வட்டத்திற்குள் திரும்பிவிடும் ஆற்றல் ஆகியவை அதன் சிறப்புகள்.

இவ்வாகனத்தின் உடலமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. 1950களிலேயே பல மகிழுந்துகள் அடிச்சட்டமும் மேற்கூடும் ஒன்றாக இணைந்த வடிவத்திற்கு மாறிவிட்டன. ஹெரால்டிலோ அடிச்சட்டம் தனி, மேற்கூடு தனி. மேற்கூடும் பல துண்டுகளாகச் செய்யப்பட்டு, திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருந்தது. இதற்குக் காரணம் வணிகச் சூழலே. பிரிட்டனில் மேற்கூடுகளைச் செய்து வழங்கிவந்த ஆலை போட்டி நிறுவனம் ஒன்றின் கைக்குச் சென்றுவிட்டது. முழுக்கூட்டையும் ஒரே இடத்தில் அழுத்தி உருவாக்கித் தரவல்ல வேறு ஆலை எளிதில் கிடைக்கவில்லை. எனவே, சிறு ஆலைகள் பலவற்றில் துண்டுகளாகச் செய்து, பின்னர்ப் பொருத்தும் முறையை வடிவமைப்பாளர்கள் மேற்கொண்டனர்.

அன்று நெருக்கடியால் பிறந்த அம்முறை இன்று மீட்டெடுப்போர்க்கு வரமாக அமைந்துள்ளது. ஒரு வாகனத்தின் கதவையோ முன்மூடியையோ பின்பகுதியையோ கழற்றி, மற்றொன்றில் பொருத்த இயலும். எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட வாகனங்களில் இது கடினம். இருப்பினும், பொருத்துவதற்குப் பாகம் வேண்டுமே! ஆலையோ மூடப்பட்டுவிட்டது. புதிய பாகங்கள் வருவதற்கு வழியில்லை. இங்கிருந்துதான் தேடல் தொடங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

ஹெரால்டைத் தொடர்ந்து, 1970களில் ஸ்டாண்டர்டு கெசல் என்னும் மகிழுந்து வண்டலூரில் தயாரிக்கப்பட்டது. அதிலும் 948 கன சென்டிமீட்டர் எஞ்சினே இடம்பெற்றது. ஆனால், ஹெரால்டில் பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்பு இருக்க, கெசலில் இரண்டையும் இணைக்கும் உறுதியான ஒற்றை அச்சு பொருத்தப்பட்டது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய மகிழுந்து வெளிவந்தது. அதுவே அவ்வாலையின் இறுதிப் படைப்பாயிற்று.

பழைய பாகம் எதற்கு?

பழைய வாகனத்தை இயங்கச் செய்வது ஒன்று, மீட்டெடுப்பது மற்றொன்று. ஹெரால்டின் முன்மூடிக்குள் இக்காலச் சிறுமகிழுந்தின் எஞ்சினைப் பொருத்தினால், அது சாலையில் ஓடும். ஆனால், 1960களின் மக்கள் கேட்ட ஒலியும் அக்காலப் பொறியாளர்கள் கண்ட தீர்வுகளும் அதில் இரா. தோற்றம் மட்டும் எஞ்சி, உள்ளீடு மறைந்துபோகும். ஒரு பழங்கோயிலின் கோபுரத்தை மட்டும் நிறுத்திவிட்டு, உட்சுவர்களைப் பளிங்குக் கற்களால் புதுக்கிவிடுவதை இதனோடு ஒப்பிடலாம்.

மீட்டெடுத்தல் என்பது வாகனத்தை, அது ஆலையிலிருந்து வெளிவந்த நிலைக்கு இயன்றவரை அருகில் கொண்டுசெல்வதாகும். அதற்கு அவ்வாகனத்திற்கெனவே அக்காலத்தில் செய்யப்பட்ட பாகங்கள் தேவை. அவற்றின் உலோகம், கனம், வளைவு, மேற்பூச்சு ஆகிய அனைத்தும் அக்காலத் தொழில்நுட்பத்தின் பதிவுகள். மேலும், ஒன்றோடொன்று இணைந்து இயங்கும்படி ஒரே வரைபடத்திலிருந்து உருவானவையாதலால், அசல் பாகங்கள் பிசகின்றிப் பொருந்துகின்றன. நன்னிலையில் உள்ள பழைய பாகத்தை மீண்டும் பயன்படுத்தும்போது, அதனை உருக்கி வேறு பொருளாக்குவதற்கு வேண்டிய ஆற்றலும் மிச்சமாகிறது.

நால்வகைப் பாகங்கள்

சந்தையில் கிடைக்கும் பாகங்களை நான்கு வகையாகப் பகுத்தறிதல் நலம்.

முதலாவது, பயன்படுத்தப்படாத பழைய இருப்பு. வாகனம் தயாரிக்கப்பட்ட காலத்திலேயே செய்யப்பட்டு, விற்பனையாகாமல் கிடங்கில் தங்கிவிட்ட பாகம் இது. மூடப்பட்ட விற்பனை நிலையங்களிலும் பழைய உதிரிபாகக் கடைகளின் பரண்களிலும் இவ்வகைப் பாகங்கள் அரிதாக வெளிப்படுகின்றன. அசல் அட்டைப்பெட்டியும் முத்திரைச் சீட்டும் சிதையாமல் இருந்தால் அதன் மதிப்பு மிகுதி.

இரண்டாவது, பயன்படுத்தப்பட்ட அசல் பாகம். வேறொரு வாகனத்தில் உழைத்து, அவ்வாகனம் பிரிக்கப்பட்டபோது கழற்றி வைக்கப்பட்டது இது. மீட்டெடுப்போர் பெரிதும் சார்ந்திருப்பது இவ்வகையையே.

மூன்றாவது, நகல் பாகம். அசலை மாதிரியாகக் கொண்டு பிற்காலத்தில் புதிதாகச் செய்யப்படுவது. இதில் நேர்மையும் உண்டு, தரமும் உண்டு. சில நகல்களை அசலிலிருந்து பிரித்தறிவதே அரிது. பிரிட்டனில் எம்.ஜி.பி. என்னும் விளையாட்டு மகிழுந்தின் முழு மேற்கூடும், ஆலையின் பழைய அச்சுகளையே பயன்படுத்தி 1988 முதல் மீண்டும் தயாரிக்கப்பட்டது. அச்சு பழையது, உலோகம் புதியது. அதனை அசல் என்பதா, நகல் என்பதா என்னும் வினா இன்றும் ஆர்வலர்களிடையே உண்டு.

நான்காவது, போலி. நகலைச் செய்து, அசல் என்று கூறி, அசல் நிறுவனத்தின் முத்திரையையும் பொறித்து விற்பது இது. நகலுக்கும் போலிக்கும் இடையிலுள்ள வேறுபாடு பொருளில் இல்லை. விற்பவரின் சொல்லில் உள்ளது.

எங்கே தேடுவது?

சென்னையில் எழும்பூரை அடுத்துள்ள புதுப்பேட்டை, பழைய வாகன உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற இடம். தில்லியில் மாயாபுரி, மும்பையில் சோர் பஜார், கொல்கத்தாவில் மல்லிக் பஜார் ஆகியவையும் அத்தகையவையே. மக்கள் வழக்கில் காயலான் கடை எனப்படும் இக்கடைகளை, வேண்டாதவற்றைக் குவித்து வைக்கும் இடங்கள் என எண்ணுதல் தவறு. ஒரு கதவுப் பிடியைக் கையில் எடுத்ததும் அது எந்த வாகனத்திற்கு உரியது, ஏறத்தாழ எந்தக் காலத்தது, வேறு எந்த வாகனத்திற்குப் பொருந்தும் என்று கூறவல்ல அனுபவ அறிவு அங்கே வாழ்கிறது. அவ்வறிவு பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படாதது. தந்தையிடமிருந்து மகனுக்கும் முதலாளியிடமிருந்து பணியாளருக்கும் கைவழியே செல்வது.

தேடலை எளிதாக்கும் வழி மற்றொன்றும் உண்டு. ஒரு நிறுவனம் தன் வாகனங்கள் பலவற்றிற்குப் பொதுவான பாகங்களைப் பயன்படுத்துவது இயல்பு. ஹெரால்டின் எஞ்சின், அதற்கு முந்தைய ஸ்டாண்டர்டு டென் வாகனத்தின் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1962இல் பிரிட்டனில் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் மகிழுந்து, ஹெரால்டின் அடிச்சட்ட அமைப்பைச் சுருக்கி உருவாக்கப்பட்டது. அதன் முன்சக்கரத் தாங்கு அமைப்பும் ஹெரால்டைச் சார்ந்தது. பிரிட்டனில் ஹெரால்டு வரிசை மட்டுமே ஐந்து இலட்சத்திற்கும் மேல் உருவாயிற்று. எனவே, ஹெரால்டு என்னும் பெயரில் மட்டும் தேடுவோர்க்குக் கிடைக்காத பாகம், அதன் உறவு வாகனங்களின் பெயரில் தேடுவோர்க்குக் கிடைத்துவிடலாம்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பிரிட்டனில் செய்யப்பட்ட ஹெரால்டு பாகம் தரத்தில் சிறந்ததாக இருக்கலாம். எனினும், வண்டலூரில் உருவான வாகனத்திற்கு அதுவே அசலாகிவிடாது. தொடக்கத்தில் இறக்குமதிப் பாகங்களைச் சார்ந்திருந்த இந்திய ஹெரால்டில், காலப்போக்கில் உள்நாட்டுப் பாகங்கள் இடம்பிடித்தன. 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் வேரூன்றின. மகிழுந்து ஒன்று உருவாக வேண்டுமெனில், அதனைச் சுற்றி மின்கருவி செய்வோரும் தடைக்கருவி செய்வோரும் சக்கரம் செய்வோரும் பெருக வேண்டும். ஆகவே, ஒரு பாகத்தின் மீதுள்ள 'இந்தியாவில் செய்யப்பட்டது' என்னும் பொறிப்பு, சென்னை வட்டாரம் வாகனத்தொழில் மையமாக வளர்ந்த வரலாற்றின் ஒரு வரியாகும். அதனைக் கழற்றிவிட்டு இறக்குமதிப் பாகத்தைப் பொருத்தினால், அவ்வரி அழிந்துவிடும்.

எண்களும் குறிகளும்

அசலை இனங்காண உதவும் முதற்சான்று எண். எஞ்சின் கட்டை, உருளைத்தலை, கியர்ப்பெட்டி போன்ற வார்ப்புப் பாகங்களில் வார்ப்பு எண் புடைத்து நிற்கும். சிறிய பாகங்களில் பாக எண்ணோ, செய்தவரின் முத்திரையோ பொறிக்கப்பட்டிருக்கும். அக்காலத்தில் நிறுவனங்கள் வெளியிட்ட உதிரிபாகப் பட்டியல் நூலும் பழுதுபார்ப்புக் கையேடும் இவ்வெண்களைப் படிக்க உதவும் அகராதிகள். பாகத்தைத் தேடும் முன் இவ்விரு நூல்களையும் தேடிப் பெறுவது அறிவுடைமை.

எண்ணோடு காலத்தையும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசிடர் இதற்கு நல்ல சான்று. அதன் உதிரிபாகங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆயினும், அந்நெடுங்காலத்தில் முகப்புக் கம்பிவலை, கருவிப்பலகை, எஞ்சின் எனப் பலவும் மாறியுள்ளன. பிற்கால முகப்பு முற்கால வாகனத்தில் ஏறத்தாழப் பொருந்தும். ஆனால், அது அவ்வாகனத்திற்கு உரியதன்று. பொருந்துவது வேறு; உரியது வேறு.

இப்பணியை, ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தோர் பணியோடு ஒப்பிடலாம். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன், ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் திரட்டினார், ஒன்றில் சிதைந்திருந்ததை மற்றொன்றைக் கொண்டு தெளிந்தார், பாடவேறுபாடுகளைக் குறித்தார். தமக்கு விளங்கவில்லை என்பதற்காக ஒரு சொல்லை நீக்கி, புதுச்சொல்லை இட்டு நிரப்பவில்லை. வாகனத்தை மீட்டெடுப்போரும் ஒன்றுக்கு மேற்பட்ட வாகனங்களைப் பார்த்து, பட்டியல் நூலோடு ஒப்பிட்டு, பின்னரே இது இதற்குரியது என்னும் முடிவுக்கு வருதல் வேண்டும். காரணம் விளங்காத ஒரு துளையோ தகட்டு மடிப்போ காணப்பட்டால், அதனை உடனே பிழையெனக் கருதி அடைத்துவிடலாகாது.

கையில் எடுத்து ஆராய்தல்

உரிய பாகம் கிடைத்துவிட்டது எனக் கொள்வோம். அது உழைக்குமா என்பது அடுத்த வினா. பழைய பாகத்தின் உடல்நலத்தை அறிவதற்கு எளிய சோதனைகளும் நுண்ணிய சோதனைகளும் உள்ளன.

தகட்டுப் பாகங்களுக்குக் காந்தம் போதும். மென்துணி சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் மீது நகர்த்தினால், எஃகு உள்ள இடத்தில் அது பற்றும். துருப்பிடித்த பகுதியைப் பட்டிப்பசையால் நிரப்பி வண்ணம் பூசியிருந்தால், அவ்விடத்தில் பிடிப்பு தளரும். பளபளப்பு கண்ணை ஏமாற்றும், காந்தத்தை ஏமாற்றாது.

எஞ்சினின் கிராங்க் தண்டை மைக்ரோமீட்டரால் அளத்தல் வேண்டும். அது தாங்கிகளில் சுழலும் இடங்கள் காலப்போக்கில் தேய்ந்து, வட்டம் சற்றே நீள்வட்டமாகும். அவற்றைக் கடைந்து மீண்டும் வட்டமாக்கலாம். அங்குல அளவுடைய எஞ்சின்களில் இவ்வாறு கடைவது வழக்கமாக 0.010 அங்குலப் படிகளாக நிகழும். குறைந்த அளவிற்கு ஏற்பத் தடித்த தாங்கி பொருத்தப்படும். ஏற்கெனவே பலமுறை கடையப்பட்ட தண்டில் மேலும் கடைவதற்கு உலோகம் எஞ்சியிராது. எனவே, தோற்றத்தைவிட எஞ்சியுள்ள அளவே அதன் ஆயுளைச் சொல்லும். தண்டைத் தொங்கவிட்டு மெல்லத் தட்டினால், விரிசலற்றது மணிபோல் நெடிது ஒலிக்கும். விரிசலுற்றது மழுங்கிய ஓசை தரும். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் அதே அறிவு! எனினும், ஐயமறத் தெளிய, காந்தத்துகள் கொண்டு விரிசலைக் காணும் சோதனையே ஏற்றது.

உருளைத்தலையின் அடிப்பரப்பு சமமாக உள்ளதா என்பதை நேர்விளிம்புச் சட்டம் வைத்து, இடைவெளியில் அளவுத்தகடு செருகிப் பார்த்து அறியலாம். மிகை வெப்பத்தால் வளைந்த தலையைப் பொருத்தினால் நீரும் எண்ணெயும் கலந்துவிடும். கியர்ச் சக்கரங்களின் பற்களில் குழிகளோ உதிர்வுகளோ இருத்தலாகாது.

மரைகளிலும் கவனம் வேண்டும். ஹெரால்டின் திருகாணிகள் பெரும்பாலும் அங்குல அளவின. 5/16 அங்குலத் திருகாணியின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். இன்று கடைகளில் எளிதில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர்த் திருகாணியும் கண்ணுக்கு அதுபோலவே தோன்றும். ஆனால், முன்னதன் நுண்மரையில் ஓர் அங்குலத்திற்கு 24 சுற்றுகள். அஃதாவது, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி ஏறத்தாழ 1.06 மில்லிமீட்டர். பின்னதன் வழக்கமான இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஒன்றினிடத்தில் மற்றொன்றை வலிந்து முறுக்கினால் மரை அழியும். அரும்பாடுபட்டுத் தேடிய வார்ப்புப் பாகம் ஒரு நொடியில் பாழாகும். ஆகவே, பாகத்தைக் கழற்றும்போதே அதன் திருகாணிகளையும் சேர்த்து வாங்குவது அனுபவமுடையோர் வழக்கம்.

பழையதை ஏற்கலாகாத இடங்கள்

அசல் மீதுள்ள பற்று, உயிருக்கு ஊறு விளைவிக்குமாயின் அது பிழையான பற்று. சில பாகங்கள் எவ்வளவு அசலாயினும் பழையனவாக இருத்தலாகாது.

ரப்பர், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் காலத்தால் இறுகி வெடிக்கும் இயல்புடையது. எனவே, தடைக்குழாய்கள், தடை உருளையின் ரப்பர் வளையங்கள், சக்கர உறைகள் ஆகியவை பிரிக்கப்படாத பழைய பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டாலும் ஏற்கத்தக்கவையல்ல. பழைய தடைப்பட்டைகளிலும் கிளட்ச் தட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு தரும். ஆதலால், அத்தூசைக் காற்றால் ஊதுவதோ உலர்நிலையில் தேய்ப்பதோ கூடாது.

ஹெரால்டுக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அம்மரை ஓர் உலோகக் கூட்டிற்குள் அமர்ந்து, வாகனம் வளையும்போதெல்லாம் திரும்பும். அதற்குக் கெட்டியான கிரீஸ் இடாமல் கியர் எண்ணெய் இடுதல் வேண்டும். கிரீஸ் உள்ளே பரவாத இடத்தில் நீர் புகுந்து துரு ஏற்படும், மரை தேயும், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். முந்தைய உரிமையாளர் எதனை இட்டார் என்பது வெளியே தெரியாது. ஆகவே, பயன்படுத்தப்பட்ட தண்டை முழுமையாகப் பிரித்து, துரு நீக்கி, விரிசல் சோதனை செய்த பின்னரே பொருத்தலாம். அக்கூடுகளில் இடப்பக்கத்திற்கும் வலப்பக்கத்திற்கும் மரையின் திசை வேறு என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

சட்டமும் அறமும்

வாகனம் பிறருடைய உடைமை. அதன் பாகமும் உடைமையே. திருடப்பட்ட வாகனங்கள் பிரிக்கப்பட்டு உதிரிபாகங்களாக விற்கப்படும் தீமை உலகெங்கும் உண்டு. திருட்டுப்பொருள் எனத் தெரிந்தும் வாங்குவது குற்றம். எனவே, எஞ்சின் போன்ற முதன்மைப் பாகங்களை வாங்கும்போது விற்பனைச் சீட்டும் அவ்வாகனத்தின் பதிவு விவரமும் பெறுதல் இன்றியமையாதது. எண் அராவப்பட்டோ, மீண்டும் பொறிக்கப்பட்டோ காணப்பட்டால் அப்பாகத்தைத் தொடாமல் விலகுவதே முறை. விலை மிகக் குறைவாக இருத்தலும் ஓர் எச்சரிக்கைதான்.

எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் வாகனப் பதிவுச் சான்றில் இடம்பெறுபவை. எஞ்சினை மாற்றினால் அதனைப் பதிவு அலுவலகத்தில் முறைப்படி தெரிவித்துப் பதிதல் வேண்டும். ஒரு வாகனத்தின் அடிச்சட்ட எண்ணை வெட்டி எடுத்து மற்றொன்றில் ஒட்டவைத்தல், மீட்டெடுத்தல் ஆகாது, அது மோசடி. 50 ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவம் குலையாமல் பேணப்படும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழமை வாகனங்களாகப் பதிவு செய்வதற்கு 2021ஆம் ஆண்டில் நடுவண் அரசு தனி விதிகளை வகுத்தது. அடிச்சட்டம், மேற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்பட்ட வாகனங்கள் இவ்விதிகளின்படி அத்தகுதியைப் பெறா. அசல் பாகத்தைத் தேடுவது ஆர்வத்தின் செயல் மட்டுமன்று, சட்டம் மதிக்கும் தகுதியுமாகும் என்பதை இது காட்டுகிறது.

சட்டத்தைத் தாண்டி அறமும் ஒன்று உண்டு. ஒரு வாகனத்தை மீட்பதற்காக மற்றொன்றைப் பிரிக்கவேண்டிய நிலை வரும். விபத்தில் நசுங்கியதையோ அடிச்சட்டம் துருவால் அற்றுப்போனதையோ பிரிப்பது தக்கது. ஆனால், சிறிது செலவிட்டால் தானே எழுந்து நிற்கவல்ல வாகனத்தை, விலைமிகுந்த பாகங்களுக்காகக் குலைத்துவிட்டால், ஒன்று வாழ மற்றொன்று அழியும். எண்ணிக்கையில் அருகிவரும் வாகனத்தில் அது பேரிழப்பு. பிரிக்கும் முன், இதனை முழுதாகவே காப்பாற்றுவார் எவரேனும் உளரா எனக் கேட்டுப் பார்ப்பது நல்லோர் கடைப்பிடிக்கும் ஒழுங்கு.

தெரிந்து தெளிவோம்

பழமை வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 1966இல் தோன்றியது. அது ஏற்றுக்கொண்ட துரின் சாசனம், உள்ளதை உள்ளவாறே காத்தலை முதன்மையாகவும், மீட்டெடுத்தலை இன்றியமையாத இடத்து மட்டும் மேற்கொள்ளத்தக்கதாகவும் கருதுகிறது. செய்த மாற்றங்களை ஆவணப்படுத்துதல், புதிதாக மாற்றிய பாகங்களில் அடையாளம் இடுதல் ஆகியவற்றையும் அது வலியுறுத்துகிறது.

எது அசல்?

தேடலின் முடிவில் எழும் வினா ஒன்று உண்டு. ஒரு வாகனத்தில் எஞ்சினை ஒன்றிலிருந்தும் கதவை மற்றொன்றிலிருந்தும் விளக்கை வேறொன்றிலிருந்தும் பெற்றுப் பொருத்தினால், அது இன்னும் அதே வாகனந்தானா? கிரேக்கர் இவ்வினாவை ஒரு கப்பலைக் கொண்டு எழுப்பினர். தீசியஸ் என்னும் வீரனின் கப்பலைக் காத்துவந்த ஏதென்சு மக்கள், உளுத்த பலகைகளை நீக்கிப் புதுப்பலகைகளைப் பொருத்திவந்தனர். எல்லாப் பலகைகளும் மாறிவிட்டால் அது தீசியசின் கப்பலாகுமா என மெய்யியலார் வாதிட்டனர் எனப் புளூட்டார்க் குறிப்பிடுகிறார்.

இவ்வினாவிற்கு மெய்யியலில் பல விடைகள் இருக்கலாம். பட்டறையில் அதற்கு நடைமுறை சார்ந்த விடை ஒன்று உண்டு. அதுவே பதிவேடு. வாகனம் கைக்கு வந்தபோது இருந்த நிலையை ஒளிப்படமாக எடுத்து வைத்தல். எந்தப் பாகம் தொடக்கமுதல் இருந்தது, எது பிற வாகனத்திலிருந்து வந்தது, எது நகல், எந்நாளில் மாற்றப்பட்டது என ஒன்றுவிடாமல் எழுதி வைத்தல். நகல் பாகத்தின் மறைவிடத்தில் சிறு குறியிடுதல் ஆகியவையே அப்பதிவேட்டின் கூறுகள். கழற்றிய பாகம் தேய்ந்ததாயினும் அதனை எறியாமல் பெயரெழுதி வைப்பதும் அதில் அடங்கும். இன்று பயனற்றதாகத் தோன்றுவது, நாளை ஒருவர் அளவெடுத்து நகல் செய்வதற்கு எஞ்சியிருக்கும் ஒரே மாதிரியாக இருக்கக்கூடும்.

இத்தகைய பதிவேடு உள்ள வாகனத்தில், மாற்றப்பட்டவை மாற்றப்பட்டவையாகவே அறியப்படும். பதிவேடு இல்லாதபோது எவ்வளவு நேர்த்தியாக மீட்டெடுக்கப்பட்டாலும், அசலையும் நகலையும் வருங்காலத்தார் வேறுபிரித்தறிய இயலாது. அசலைக் காப்பது பாகத்தால் பாதி. உண்மையை மறையாது எழுதி வைப்பதால் மறுபாதி.

வண்டலூர் ஆலை இன்று இயங்கவில்லை. அங்கே உலோகத்தை வெட்டி, மடித்து, பொருத்திய தொழிலாளர்களின் கைத்திறன் ஆங்காங்கே எஞ்சியுள்ள வாகனங்களிலும் கழற்றி வைக்கப்பட்ட பாகங்களிலும் தங்கியுள்ளது. கோவையிலுள்ள ஜீ.டி. மகிழுந்து அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பழமையான வாகனங்கள் பேணப்படுகின்றன. எல்லா வாகனங்களும் அருங்காட்சியகத்தை அடைதல் இயலாது. பல, வீட்டுக் கொட்டகைகளிலும் தோப்புகளிலும் மழையில் நனைந்துகொண்டு நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் முகப்பில் உள்ள முத்திரையைத் துடைத்துப் படிக்கவும், அதன் எண்ணைக் குறித்து வைக்கவும் ஒருவர் முன்வந்தால், ஒரு தொழில் வரலாற்றின் தொலைந்த பக்கம் மீண்டும் நூலில் சேரும்.

சொல்லும் பொருளும்

அடிச்சட்டம் – வாகனத்தின் எடையைத் தாங்கும் கீழ்ச்சட்டம். மரை – திருகாணியில் வெட்டப்பட்ட சுருள்வரி. வார்ப்பு – உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றிச் செய்தது. அராவுதல் – அரத்தால் தேய்த்தல். உளுத்த – பூச்சி அரித்து வலுவிழந்த. ஊறு – துன்பம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ ஊரிலோ உள்ள பழைய எந்திரம் ஒன்றின் மீதுள்ள எண்கள், முத்திரைகள், பொறிப்புகள் ஆகியவற்றைக் குறித்து, அவற்றிலிருந்து அறியலாகும் செய்திகளைத் தொகுத்து எழுதுக.

2. பழுதுபார்க்கும் பட்டறையில் பணிபுரிவோர் ஒருவரைச் சந்தித்து, அவர் தொழிலில் வழங்கும் சொற்களைத் திரட்டிப் பொருளுடன் அகரவரிசைப்படுத்துக.

3. 'பொருந்துவது வேறு, உரியது வேறு' – இக்கூற்றை, பழைய கட்டடத்தைப் புதுப்பித்தல், பழைய நூலைப் பதிப்பித்தல் ஆகியவற்றோடு பொருத்திக் கலந்துரையாடுக.